கொடுப்பவனின் முகம்

கொடுப்பவனுக்கு முகம் உண்டு, பெயர் உண்டு, பதவி உண்டு. வாங்குபவனுக்கு வெறுங்கை மட்டும்தான் உண்டு. ஐரோப்பாவின் கருணையைப் பற்றியும் அதற்கு நாம் காட்டவேண்டிய நன்றியைப் பற்றியும் எமக்குப் பாடம் எடுக்கப்படும் போதெல்லாம் நாம் திருப்பிச் சொல்ல விரும்புவது இதைத்தான். விதண்டாவாதமாக இதைச் சொல்லவில்லை. அந்தக் கருணை தன்னை எவ்வாறு பார்த்துக்கொண்டது, மற்றவர்கள் தன்னை எவ்வாறு பார்க்கவேண்டும் என்று விரும்பியது என்பதற்கு, அதுவே களிமண்ணில் செய்து, சூளையில் சுட்டு, நிறமேற்றிச் சுவரில் பதித்துவைத்த சாட்சி ஒன்று இருக்கிறது. இத்தாலியில், புளோரன்சுக்கு வடமேற்கே, பிஸ்தோயா என்ற சிறு நகரத்தில், ‘செப்போ’ ஆஸ்பத்திரியின் முகப்பில் இருக்கும் புடைப்புச் சிற்பத் தொடர்தான் அது.

செப்போ என்றால் மரக்குற்றி. ஏழைகளுக்கான காணிக்கைக் காசு குடைந்த மரக்குற்றி ஒன்றினுள் போடப்பட்டதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஆஸ்பத்திரி 1277இல் தொடங்கியது என்பது மரபு. அதன் முன்னால் வளைவுகளோடு கூடிய நீண்ட தாழ்வாரம். வளைவுகளுக்கு மேலே, தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், நீலமும் பச்சையும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பளபளக்கும் சுட்டமண் பலகைகள். 1526இற்கும் 1528இற்கும் இடையில் புளோரன்ஸ் சிற்பியான சாந்தி புல்யோனி செய்தவை. கத்தோலிக்கத் திருச்சபை போதிக்கும் ஏழு இரக்கச் செயல்கள் இவற்றின் பொருள்: ஆடையற்றவருக்கு ஆடை கொடுத்தல், யாத்திரிகருக்கு இடம் கொடுத்தல், நோயாளரைப் பார்த்தல், சிறையில் இருப்பவரைப் பார்த்தல், இறந்தோரை அடக்கம் செய்தல், பசித்தவருக்கு உணவு கொடுத்தல், தாகமுற்றவருக்குத் தண்ணீர் கொடுத்தல். இந்தக் காட்சிகளுக்கு நடுவே விவேகம், விசுவாசம், அன்பு, நம்பிக்கை, நீதி என்ற ஐந்து நற்பண்புகள் பெண்ணுருவங்களாக நிற்கின்றன.

சிற்பம் என்ற அளவில் இது அற்புதமான வேலை. அதில் எமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. 1440ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூக்கா டெல்லா ரொபியா, வெள்ளீயம் கலந்த கண்ணாடிப் பூச்சைச் சுட்டமண் சிற்பத்தின் மேல் ஏற்றும் முறையைச் செம்மைப்படுத்தினார். பளிங்கைவிட மலிவு. மழைக்கும் வெயிலுக்கும் நிறம் மங்காது. ஆகவே கோயிலின் உள்ளிருட்டில் இருந்த சிற்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவர முடிந்தது. எழுத்தறியாத ஏழையும் தான் எப்படி நேசிக்கப்படுகிறான் என்று நிமிர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது! இந்த ஆச்சரியக்குறியை நாம் வேண்டுமென்றே போடுகிறோம்.

ஏனென்றால் அப்படி நிமிர்ந்து பார்க்கிற ஏழை அங்கே காண்பது யாரை? காட்சிக்குக் காட்சி துறவி உடையில் ஒரு முதியவர் வருகிறார். உடை கொடுக்கிறவர் அவர். யாத்திரிகனின் காலைக் கழுவுகிறவர் அவர். அவர் கற்பனைப் பாத்திரம் அல்ல. லியொனார்டோ புவோனாபெடே என்ற கார்த்தூசியச் சபைத் துறவி. புளோரன்சின் பெரிய ஆஸ்பத்திரியான சாந்தா மரியா நுவோவாவின் தலைமை நிர்வாகி. 1501இலிருந்து செப்போ ஆஸ்பத்திரியும் சாந்தா மரியா நுவோவாவுக்குக் கீழேதான் இருந்தது. இந்தச் சிற்பங்களைச் செய்வித்தவர் அவர்தான். பணம் ஆஸ்பத்திரியுடையது, வேலை சிற்பியுடையது, முகம் நிர்வாகியுடையது. அவரைச் சூழ்ந்து நிற்கிற ஏழைகளில் ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லை.

இந்த மனிதருக்குத் தனக்கு எப்படிப்பட்ட சிற்பமும் ஓவியமும் வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். 1518இல் ரொஸ்ஸோ பியொரெந்தீனோ என்ற இளம் ஓவியரிடம் பீடப்படம் ஒன்று வரையும் பொறுப்பு இவர் மூலம் போயிற்று. வேலை பாதியில் இருக்கும்போது பார்க்க வந்தவருக்கு அதிலிருந்த புனிதர்கள் பிசாசுகள் போலத் தெரிந்தார்களாம். ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லி வீட்டை விட்டே ஓடினார் என வசாரி எழுதிவைத்திருக்கிறார். அந்தப் படம் இன்று புளோரன்சின் உஃபீசி காட்சியகத்தில் இருக்கிறது. ஒட்டிய கன்னமும் எலும்பு தெரியும் உடலுமாக ஒரு கிழப் புனிதர் அதில் நிற்கிறார். பசியால் வற்றிய உடம்பு எப்படி இருக்கும் என்பதை ஓர் ஓவியர் காட்டியபோது அதைச் சகிக்க முடியாதவர், எட்டாண்டுகள் கழித்துப் பசித்தோரையும் நிர்வாணிகளையும் நோயாளரையும் ஒரு முழுச் சுவரில் செய்வித்தார். சுவரில் உள்ள ஏழைகள் ஒழுங்கானவர்கள். வரிசையில் நிற்பவர்கள். யாரையும் திடுக்கிட வைக்காதவர்கள்.

* * *

ஏழு செயல்களில் ஆறு மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்திலிருந்து வருபவை. இறந்தோரை அடக்கம் செய்தல் என்பது தோபித்து நூலின் வழியாகப் பின்னர் சேர்ந்துகொண்டது. மத்தேயுவின் அந்த அதிகாரத்தை ஊர்க் கோவில்களில் கேட்டு வளர்ந்தவர்கள் எம் வாசகர்களில் நிறையப் பேர் உண்டு. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்வோம். இறுதித் தீர்வை நாளில் அரசன் மக்களை இரு பக்கமாகப் பிரிக்கிறான். பசித்தவனும் ஆடையற்றவனும் சிறையில் கிடந்தவனும் தானே என்கிறான். வலப்பக்கம் நிற்பவர்கள் திகைத்துப் போகிறார்கள். அவனை அந்த நிலையில் கண்டதாக அவர்களுக்கு நினைவே இல்லை. இடப்பக்கம் நிற்பவர்களும் திகைக்கிறார்கள். அவர்களுக்கும் நினைவில்லை.

இந்தக் கதையின் முழுப் பலமும் அந்தத் திகைப்பில்தான் இருக்கிறது. நல்லது செய்தவர்களுக்குத் தாம் நல்லது செய்தோம் என்பதே தெரியாது. யாரும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவர்களே தம்மைப் பார்த்துக்கொள்ளவில்லை. இன்னொன்று, அந்தக் கதையில் ஏழைதான் நீதிபதி. வாங்கியவன் சிம்மாசனத்தில் இருக்கிறான். கொடுத்தவன் கீழே நின்று தீர்ப்புக்குக் காத்திருக்கிறான்.

செப்போவின் சுவர் இந்த இரண்டையும் தலைகீழாக்கிவிட்டது. கொடுப்பவர் தன்னைக் கொடுப்பவராக அறிந்திருக்கிறார். போதாதென்று ஊருக்கும் அறிவிக்கிறார். தீர்வை நாளில் புவோனாபெடே திகைக்கவா போகிறார்? தன் செயல்களின் பட்டியலை வரிசைக்கிரமமாகச் சுட்டு வைத்திருக்கிறாரே! வாங்குபவனோ சிம்மாசனத்திலிருந்து இறக்கப்பட்டு மறுபடியும் கையேந்தி நிற்கிறான். வேதப் புத்தகம் ஒன்றைச் சொல்ல, அதற்கு விளக்கப்படம் என்று செய்யப்பட்ட சிற்பம் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. இதைக் கிறிஸ்தவத்துக்கு எதிரான குற்றச்சாட்டாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அதிகாரத்தின் பக்கம் நின்றுகொண்டுதான் நாம் இந்தச் சுவரோடு சண்டை போடுகிறோம்.

* * *

அந்தச் சுவரில் இருப்பது ஒரு தனிமனிதரின் சுயபுகழ்ச்சி மட்டுமா? அப்படியானால் அவரை மன்னித்துவிட்டு நாம் வேறு வேலை பார்க்கலாம். பிஸ்தோயா புளோரன்சின் ஆட்சிக்குக் கீழ்ப்பட்ட நகரம். அங்கே பன்சியாத்திக்கி, கன்செல்லியேரி என்ற இரு கட்சிகள் நெடுங்காலமாக மோதிக்கொண்டிருந்தன. 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த மோதல் தெருத்தெருவாகக் கொலையும் தீவைப்புமாக வெடித்தது. 1501இல் புளோரன்ஸ் அரசு அலுவலராக அங்கே அனுப்பப்பட்டவர்களில் மக்கியாவெல்லியும் ஒருவர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எழுதிய ‘இளவரசன்’ நூலின் 17ஆம் அதிகாரத்தில் அவர் பிஸ்தோயாவை உதாரணம் காட்டுகிறார். கொடியவர்கள் என்ற பெயர் தமக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காகப் புளோரன்ஸ்காரர் அந்த நகரத்தை அழிய விட்டார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. அவரது தீர்வு எமக்கு உவப்பானதல்ல. ஆனால் அவர் கவனித்த நோய் உண்மையானது. தன் இரக்கத்துக்குக் கெட்ட பெயர் வராமல் பார்த்துக்கொள்வதே ஓர் அதிகாரத்தின் முதல் கவலையாக இருந்திருக்கிறது.

பிஸ்தோயாவின் ஆஸ்பத்திரி புளோரன்சின் கைக்குப் போனதும் அந்தக் கலவரக் காலத்தில்தான். பின்னர் 1520களில் தாழ்வாரம் அழகுபடுத்தப்பட்டபோது, வளைவுகளுக்கு இடையில் ஜொவான்னி டெல்லா ரொபியாவின் வட்டப் பலகைகள் பதிக்கப்பட்டன. கன்னிமரியாளின் வாழ்க்கைக் காட்சிகள் சிலவற்றில். மற்றவற்றில் சின்னங்கள். மெடிச்சிக் குடும்பத்தின் உருண்டைகள் பொறித்த கேடயமும் அவற்றில் உண்டு. காய்ச்சலோடு வாசலுக்கு வருகிற பிஸ்தோயாக் குடியானவன் தலைக்கு மேலே காண்பது, தன் நகரத்தை ஆள்பவரின் சின்னத்தையும், அவர்கள் அனுப்பிய நிர்வாகியின் முகத்தையும். மருந்து உள்ளே. மருந்து யாருடையது என்ற அறிவித்தல் வெளியே. எமக்கு இது பழக்கமில்லாத விடயமா என்ன? அகதி முகாம்களில் அரிசி மூட்டையிலும் கூடாரத் துணியிலும் எந்த நாட்டின் கொடி அச்சிடப்பட்டிருக்கிறது என்று வாசித்துத்தான் எம்மில் பலர் உலக அரசியலின் அரிச்சுவடியைப் படித்தோம்.

* * *

இந்தத் தொடரில் எம்மை நேரடியாகத் தொடும் பலகை ஒன்றுண்டு. யாத்திரிகருக்கு இடம் கொடுத்தல். இங்கே ஒரு சொல் மாற்றப்பட்டிருக்கிறது. அதை நாம் கவனிக்காமல் வேறு யார் கவனிப்பது?

மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லுக்கு வேற்றாள் என்று பொருள். தமிழ் வேதாகமத்திலும் அந்நியன் என்றுதான் இருக்கிறது. எங்கிருந்து வந்தான், ஏன் வந்தான், எவ்வளவு காலம் இருப்பான் என்ற கேள்வி எதுவும் அங்கே இல்லை. ஆனால் இத்தாலியில் இரக்கச் செயல்களின் பட்டியல் வழக்கத்துக்கு வந்தபோது அந்த அந்நியன் யாத்திரிகன் ஆகிவிட்டான். சிற்பத்தில் அவனிடம் யாத்திரிகனுக்குரிய கோலம் இருக்கிறது. பிஸ்தோயா யாத்திரிகர்களை நன்கு அறிந்த நகரம். எமது கரையோரக் கத்தோலிக்கர் சந்தியாகுமையோர் என்று அழைக்கும் யாகப்பரின் திருப்பண்டம் ஒன்று 12ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே இருக்கிறது. அதைத் தரிசிக்க வருகிறவன் எப்படிப்பட்டவன்? ஊர் உள்ளவன். வீடு உள்ளவன். கோயிலுக்குக் காணிக்கை கொண்டுவருகிறவன். எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பிப் போகிறவன். இரண்டு நாள் படுக்கை கொடுத்துக் காலையும் கழுவிவிட்டால், மூன்றாம் நாள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

போகாத அந்நியனுக்கு என்ன நடந்தது? சாந்தி புல்யோனியின் சூளை எரிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளைப் பாருங்கள். 1527இலிருந்து 1529வரை வட இத்தாலியில் பஞ்சம். நாட்டுப்புறத்திலிருந்து பட்டினிக் கூட்டம் வெனிஸ் நகருக்குள் வந்தது. 1528இலும் 1529இலும் வெனிஸ் அரசு ஏழைகள் பற்றிய சட்டங்களைக் கொண்டுவந்தது. தன் நகரத்து ஏழைக்கு உதவி, வெளியாருக்குத் திருப்பி அனுப்புதல் என்பது அவற்றின் சாரம். வெனிஸ் மட்டுமல்ல, அக்காலத்து ஐரோப்பிய நகரங்கள் பலவும் இந்தப் பாதையில்தான் போயின. சுவரில் யாத்திரிகனின் காலைக் கழுவிய அதே ஐரோப்பா வாசலில் அந்நியனின் ஊரை விசாரித்தது.

1526இல், செப்போச் சிற்ப வேலை தொடங்கிய ஆண்டில், புரூஜ் நகர சபைக்கென்று ஏழைகளுக்கு உதவுதல் பற்றி ஒரு நூலை எழுதினார் ஹுவான் லூயிஸ் விவெஸ். ஏழைகளைப் பதிவு செய்யவேண்டும், இயன்றவர் எல்லோரையும் வேலை செய்விக்கவேண்டும் என்ற கண்டிப்பான நூல் அது. வெளியூர்ப் பிச்சைக்காரரில் உடல்வலு உள்ளவர்களுக்கு வழிச்செலவு கொடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் ஒரு விதிவிலக்கு வைக்கிறார். போரால் பாழான இடங்களிலிருந்து வருகிறவர்களை அப்படி அனுப்பக்கூடாது. அவர்களைச் சொந்த ஊரவராகவே நடத்தவேண்டும்.

அந்த விதிவிலக்கை வைத்தவர் யார்? ஸ்பெயினின் வலென்சியாவில் 1493இல் பிறந்தவர். யூத வழியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பம். இளம் வயதில் படிப்பதற்கென்று வெளியேறியவர் பின்னர் தன் நாட்டுக்குத் திரும்பவேயில்லை. 1524இல் சமய விசாரணை மன்றம் அவரது தந்தையை எரித்தது. எப்போதோ இறந்துபோன தாயின் எலும்புகளையும் பின்னர் தோண்டியெடுத்து எரித்தார்கள். அன்னிய நகரத்தில் இருந்துகொண்டு, தந்தை எரிக்கப்பட்ட இரண்டாம் ஆண்டில், அந்த ஒரு வரி விதிவிலக்கை அவர் எழுதினார். பிஸ்தோயாவின் பளபளக்கும் பலகைகள் எல்லாவற்றையும் ஒரு தட்டிலும் அந்த ஒரு விதிவிலக்கை மறு தட்டிலும் வைத்தால், எமக்குத் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. யாத்திரிகனுக்குப் படுக்கை கொடுப்பது விருந்தோம்பல். திரும்பிப் போக ஊரில்லாதவனை ஊரவனாக்குவதுதான் மத்தேயு கேட்டது.

சொற்கள் குற்றமற்றவை அல்ல. எமது மொழியிலும் பரதேசி என்றால் வேறு தேசத்தான். பிறகு யாத்திரிகத் துறவி. பிறகு பிச்சைக்காரன். கடைசியில் வசைச்சொல். ஒரு மனிதன் ஊர் கடந்தால் படிப்படியாக அவனுக்கு என்ன நடக்கும் என்பதை அந்த ஒரு சொல் தன் உடம்பில் எழுதி வைத்திருக்கிறது. ஜேர்மனியில் எம்மவர் பலர் ஆண்டுக்கணக்காகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த காகிதத்தின் பெயர் ‘டுல்டுங்’. பொறுத்துக்கொள்ளல் என்று அர்த்தம். திருப்பி அனுப்புவதைத் தற்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதற்கு மேல் அதில் வேறொன்றும் இல்லை. யாத்திரிகனாக நடந்துகொள், போகிறவனாக இரு, அதுவரை காலைக் கழுவுகிறோம் என்பதுதான் அதன் சாரமும்.

* * *

ஐந்து நற்பண்புகளில் அன்பு என்ற உருவத்துக்கு வருவோம். இத்தாலியச் சிற்பத்தில் அன்பு பெரும்பாலும் குழந்தைகளை அணைத்துக்கொண்டிருக்கும் தாய். மனதை உருக்கும் வடிவம்தான். ஆனால் இந்த வடிவத்தில் வாங்குபவன் எப்போதும் குழந்தை. வாய் பேசாதது. கணக்குக் கேட்காதது. கொடுப்பது போதாது என்றோ, இப்படிக் கொடுக்காதே என்றோ சொல்லத் தெரியாதது. வளர்ந்த ஆணையும் பெண்ணையும் குழந்தையாக்கி மடியில் வைத்துக்கொள்வது கருணையின் மிகப் பழைய தந்திரம்.

இதன் உச்சம் புளோரன்சில் இருக்கிறது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென்று பட்டு வணிகர் சங்கம் கட்டிய இன்னொசெந்தி இல்லம். 1419இல் புறூனெலெஸ்கி கட்டத் தொடங்கியது. அதன் முகப்பில் 1487இல் அந்திரேயா டெல்லா ரொபியா செய்த வட்டப் பலகைகள். நீலப் பின்னணியில், துணி சுற்றிய வெள்ளைக் குழந்தைகள் கைகளை விரித்து நிற்கின்றன. உலகம் முழுவதும் தெரிந்த உருவங்கள் அவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் சின்னத்திலும் அப்படியொரு குழந்தைதான் இருக்கிறது.

அந்தக் குழந்தைகளின் தாய்மார் எங்கே? சுவரில் இல்லை. இல்லத்துக்கு வந்த குழந்தைகளில் பலரது தாய்மார் வேலைக்காரிகளும் அடிமைகளும். ஆம், அடிமைகள். மறுமலர்ச்சிக் காலப் புளோரன்சில் கருங்கடல் கரைகளிலிருந்து விலைக்கு வாங்கிவரப்பட்ட தார்த்தாரியப் பெண்களும் சேர்க்காசியப் பெண்களும் வீட்டு வேலை செய்தார்கள். எசமானர்களுக்குப் பிள்ளை பெற்றார்கள். இந்த இல்லத்துக்கு வித்திட்ட ஆயிரம் புளோரின் காசை 1410இல் இறக்கும்போது எழுதி வைத்தவர் பிராத்தோ நகரத்து வணிகர் பிரான்செஸ்கோ தத்தீனி. அவருக்கே லூசியா என்ற அடிமைப் பெண்ணிடம் ஒரு மகள் உண்டு. மகளைத் தன் வீட்டில் வளர்த்தார் என்பது அவருக்குச் சேரவேண்டிய நியாயம். ஆனால் அந்த நகரத்தின் உண்மையான அந்நியர் யார் என்று கேட்டால், யாத்திரைக் கோலத்தோடு வந்தவன் அல்ல, லூசியாக்கள்தான். கடல் கடந்து, மொழி இழந்து, பெயர் மாற்றப்பட்டு, அடுப்படியில் இருந்தவர்கள். ஏழு இரக்கச் செயல்களில் எதிலும் அவர்களுக்கு இடமில்லை. வாங்கி வைத்திருக்கும் மனுசியை விடுதலை செய்தல் என்று எட்டாவது செயல் ஒன்று பட்டியலில் இருக்கவில்லை. அவர்களது வயிற்றில் பிறந்த குழந்தைக்குத் தொட்டில் கொடுப்பது கருணையாயிற்று. தாயை விலைக்கு வாங்கியதற்கு எந்தச் சுவரிலும் பலகை இல்லை.

இதே இல்லத்தில்தான் நாம் மதிக்கும் இன்னொரு பொருளும் இருந்தது. பதிவேடு. 1445 பெப்ரவரி 5ஆம் திகதி வந்து சேர்ந்த முதல் குழந்தையின் பெயர் அகத்தா ஸ்மெரால்டா என்பது எமக்குத் தெரியும். எழுத்தர் எழுதி வைத்தபடியால் தெரியும். எந்த நாளில், என்ன துணியில், என்ன அடையாளத்தோடு குழந்தை வந்தது என்று எழுதினார்கள். சில தாய்மார் பாதியாக உடைத்த நாணயத்தையோ பதக்கத்தையோ குழந்தையோடு விட்டார்கள். மறு பாதி தாயிடம். என்றாவது வந்து இது என் பிள்ளை என்று சொல்லும் உரிமைக்கான சீட்டு அது. சுவரில் உள்ள குழந்தைக்குப் பெயரில்லை, அழகு இருக்கிறது. ஏட்டில் உள்ள குழந்தைக்கு அழகில்லை, பெயர் இருக்கிறது. சிற்பம் கொடுத்தவரைப் பார்த்துச் செய்யப்பட்டது. ஏடு, வாங்கிய குழந்தைக்காகவும் திரும்பி வரக்கூடிய தாய்க்காகவும் எழுதப்பட்டது. இரண்டில் எது கருணை என்று நாம் கேட்கிறோம்.

* * *

இப்போது எதிர்க்கேள்வி வரும். பசியில் இருப்பவனுக்குப் பாண்தானே முக்கியம், கொடுப்பவன் படம் பிடித்தால் என்ன, சிற்பம் வைத்தால் என்ன? செப்போ ஆஸ்பத்திரி நோயாளரைக் கைவிடவில்லையே?

உண்மை. நூற்றாண்டுகளாக அது ஆஸ்பத்திரியாகவே இயங்கியது. 2013இல்தான் நகரத்தின் புதிய ஆஸ்பத்திரிக்கு வேலை மாறியது. அங்கே இரவிரவாக விழித்திருந்தவர்களை, சீழ் துடைத்தவர்களை, மலம் அள்ளியவர்களை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் முகம் சுவரில் இல்லை என்பதைத்தான் சொல்கிறோம். பாணோடு எமக்குப் பகை கிடையாது. இந்த நாடுகளுக்கு வந்த புதிதில் தேவாலய மண்டபங்களில் கிடைத்த குளிர்ச்சட்டைகளைப் போட்டுக்கொண்டுதான் எம்மவர் பலர் முதல் பனிக்காலத்தைக் கடந்தார்கள். அந்தச் சட்டைகளை மடித்து வைத்த கிழவிகளின் பெயர் எவருக்கும் தெரியாது. அவர்கள் மத்தேயுவின் வலப்பக்கத்துக்காரர். தீர்வை நாளில் திகைக்கப் போகிறவர்கள்.

அந்தக் கேள்விக்கான முழுப் பதில் செப்போவின் சுவரிலேயே இருக்கிறது. ஏழு பலகைகளில் ஆறுதான் 1528இற்குள் முடிந்தன. 1529இல் புவோனாபெடே கோர்த்தோனாவின் ஆயரானார். தாகமுற்றவருக்குத் தண்ணீர் கொடுக்கும் பலகை செய்யப்படாமலே கிடந்தது. 1576இல் சாந்தி புல்யோனி இறந்தார். கண்ணாடிப் பூச்சின் இரகசியம் அறிந்த கடைசி ஆள் அவர் என்று வசாரி சொல்கிறார். 1580களில் பிலிப்போ பலதீனி என்ற வேறொருவர் ஏழாவதைச் செய்தார். பளபளக்கும் பூச்சு இல்லாமல், வெறும் வர்ணம் தீட்டி. இன்றும் அந்தப் பலகை தனித்துத் தெரிகிறது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அந்த இடத்தில் தண்ணீர்ச் சிற்பம் இருக்கவில்லை. அதற்காக அந்த அறுபது ஆண்டுகளும் உள்ளே கிடந்த நோயாளிக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லையா? கொடுக்காமல் ஓர் ஆஸ்பத்திரி ஒரு நாள்கூட நடக்காது. ஆக, தண்ணீர் கொடுப்பதற்குச் சிற்பம் தேவைப்படவில்லை. சிற்பம் வேறு யாருக்கோ, வேறு எதற்கோ தேவைப்பட்டது.

* * *

ஐநூறு வருடப் பழைய இத்தாலியச் சுவரோடு இவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. எம்மவர் இன்று வாங்குகிற வரிசையில் மட்டும் நிற்கவில்லை. கொடுக்கிற பக்கத்துக்கும் வந்துவிட்டார்கள். கொடுக்கிற பக்கத்துக்கு வந்ததும் அவர்கள் முதலில் தேடியது ஒரு சுவரை.

கோயில் குழல்விளக்கில் உபயகாரரின் பெயரைப் பெரிதாக எழுதி வெளிச்சத்தை மறைப்பது எமது பழைய கலை. அதைச் சிரித்துக் கடந்துவிடலாம். 2009இற்குப் பிறகு நடப்பதைச் சிரித்துக் கடக்க முடியாது. போரில் கணவனை இழந்த பெண் தையல் இயந்திரத்தோடு நிற்கிறாள். காலை இழந்த பையன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி துவிச்சக்கர வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் பதாகை. இன்ன நாட்டில் வசிக்கும் இன்னாரின் ஐம்பதாவது பிறந்தநாளை முன்னிட்டு. பதாகையில் கொடுத்தவரின் முகம், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, அந்தச் சிறுமியின் முகத்தைவிடப் பெரிதாக. படம் பத்திரிகைக்கும் முகநூலுக்கும் போகிறது. அந்தச் சிறுமி நாளை அதே ஊரில், அதே வகுப்பில் இருந்து படிக்கவேண்டும். உதவி வாங்கினவள் என்ற படம் அவளுக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். சிரிக்கச் சொன்னதால் சிரித்தாள் என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும்.

கணக்குக் காட்டத்தானே படம் எடுக்கிறோம், இல்லாவிட்டால் காசைச் சுருட்டிவிட்டார்கள் என்று நீங்களே எழுதுவீர்கள் என்பார்கள். கணக்கு வேண்டும். கட்டாயம் வேண்டும். ஆனால் கணக்குக்குப் பெயர் ஏடு, பலகை அல்ல. இன்னொசெந்தியின் எழுத்தர்கள் ஐநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னரே அதைச் செய்து காட்டினார்கள். யாருக்கு, எந்த நாளில், எவ்வளவு என்று எழுதி, பார்க்க உரிமை உள்ளவர்களுக்குக் காட்டினால் போதும். கொடுத்தவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுங்கள். ஒரு குழந்தையின் முகத்தைப் பற்றுச்சீட்டாகக் கொடுக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது? அகதி விண்ணப்பத்துக்காக விரலடையாளம் வைத்து, முன்னும் பக்கவாட்டுமாகப் படம் எடுக்கப்பட்டபோது கூசிப்போன அதே மனிதர்களா இதைச் செய்வது?

ஆகவே உதவி அமைப்பு நடத்துகிற நண்பர்களிடம் நாம் கேட்பது மூன்று விடயங்கள். வாங்குகிறவரின் படத்தை வெளியிடுவதை நிறுத்துங்கள். பதாகையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். என்ன தேவை என்பதை வாங்குகிறவரே சொல்லவும், கொடுத்தது சரியில்லை என்றால் குறை சொல்லவும் ஒரு வழி வையுங்கள். கோழிக்குஞ்சு வேண்டாம், கடன் அடைக்கக் காசு வேண்டும் என்று ஒரு பெண் சொன்னால் அதை நன்றிகெட்டதனம் என்று எழுதாதீர்கள். மடியில் கிடக்கும் குழந்தைதான் குறை சொல்லாது.

படம் இல்லாவிட்டால் காசு வராது என்று யாராவது சொன்னால், தண்ணீர்ப் பலகை இல்லாமல் அறுபது ஆண்டுகள் நடந்த பிஸ்தோயா ஆஸ்பத்திரியைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் படம்தான் வேண்டும் என்று நிற்பவர் கொடுக்க வந்தவர் அல்ல, வாங்க வந்தவர். அவர் வாங்க வந்த பொருளை ஓர் ஏழைச் சிறுமியின் முகத்தில் வைத்து விற்காதீர்கள்.